மாத்திரையை எதுல செய்யறாங்க டீச்சர்?



இரண்டு மாதமாக இந்தப் பக்கம் நான் வரவில்லை. "டீச்சர், காலை வணக்கம் கூடப் போடறதில்லையே" என்று பலபேர் கேட்டிருந்தீர்கள். உங்கள் சாருக்கு உடம்பு சரியில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். என்ன நடந்தது என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மலைப் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள் மட்டும் கடைசிவரை படியுங்கள். உங்களுக்குச் சொல்லவேண்டியது கடைசியில்தான் இருக்கிறது.

சிறுநீரகக் கல் எடுக்கத்தான் சார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். கல் எடுத்த மூன்றாம் நாள் ராத்திரி குளிர்ஜுரம் வந்து கட்டிலே ஆடியது. மறுநாள் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, "ஹெச்.எம். இன்னும் வரலையா?" என்று கேட்டார். ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. 33 வருஷம் ரேங்க் கார்டு எழுதிய கை என்னுடையது. அந்தத் தாளைப் பார்த்ததும் ரேங்க் கார்டாகத்தான் தெரிந்தது. இடப்பக்கம் மருந்துகளின் பெயர், வலப்பக்கம் ஓர் எழுத்து. ஆம்பிசிலின் ஆர். செஃப்ட்ரையாக்சோன் ஆர். அமிக்காசின் ஆர். மெரோபெனெம் ஆர். ஆர் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. மருந்து ஃபெயில், கிருமி பாஸ். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் கோலிஸ்டின் என்ற பெயருக்கு நேராக மட்டும் 'ஐ' என்று போட்டிருந்தது. "இந்த மருந்துக்கு இதுக்கு மேல நல்ல மார்க்கே போடறதில்லைம்மா. இதுதான் மிச்சம். கிட்னிய பாதிக்கலாம், பார்த்துப் பார்த்துக் குடுப்போம்" என்றார் டியூட்டி டாக்டர். என் பேரன் வயசுப் பையன். கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு போன் வந்தது. என் பழைய மாணவி. மலையில் எட்டாவது வரை என்னிடம் படித்த பிள்ளை. இப்போது பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், ஆனால் உங்களில் பாதிப்பேருக்கு யாரென்று தெரியும். சாமையும் தேனும் எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்கு வருவாளே, அவள்தான்.

கோலிஸ்டின் என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "டீச்சர், அது மண்ணுல இருக்கற பாக்டீரியா செய்யற மருந்து. நம்ம சாமைக் கொல்லை மாதிரி இடத்துல, வேருக்குப் பக்கத்துல இருக்கற பாக்டீரியா. நான் எட்டாவதுல ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் சொன்னாள். "மாத்திரையை எதுல செய்யறாங்க டீச்சர்?" என்று கேட்டாளாம். "கம்பெனில" என்று சொல்லி உட்கார வைத்தேனாம்.

அதற்குப் பிறகு பதினான்கு நாள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், அவள் டீச்சர், நான் மாணவி. தூக்கம் வராமல் இருக்கும் எனக்குத் துணையாகத்தான் அவள் பாடம் நடத்தினாள் என்பது இப்போது புரிகிறது. எனக்கு விளங்கியதை என் பாஷையில் எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள் நான், விஞ்ஞானி இல்லை. தப்பிருந்தால் அவள் கீழே வந்து திருத்துவாள்.

உங்களுக்கெல்லாம் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்? ரைபோசோம் என்பது செல்லின் புரதத் தொழிற்சாலை. அமினோ அமிலங்களைக் கோத்துச் சங்கிலி செய்வது அதன் வேலை. 2009-ல் வெங்கி ராமகிருஷ்ணனுக்கு நோபல் பரிசு கிடைத்ததே, அந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டுபிடித்ததற்குத்தான். அவர் பிறந்தது சிதம்பரம், ஒரு காலத்தில் நாமும் சிதம்பரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அவர் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். "உடம்புல அமினோ அமிலத்தைக் கோக்கறது ரைபோசோம் மட்டும்தான்" என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அந்த 'மட்டும்தான்' தப்பு.

1960-களிலேயே இது தெரிந்துவிட்டதாம். டைரோசிடின் என்ற மருந்துப்பொருளைச் செய்யும் பாக்டீரியாவுக்கு, ரைபோசோமின் வேலையை நிறுத்தும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். புரதம் உண்டாவது நின்றுவிட்டது. டைரோசிடின் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதுவும் அமினோ அமிலச் சங்கிலிதான். அப்படியானால் அதை வேறு யாரோ கோக்கிறார்கள்.

யார் என்பதற்கு அவள் சொன்ன உதாரணத்தைக் கேட்டு வராந்தாவிலேயே கண் கலங்கிவிட்டேன். சுதந்திர தினத்துக்கு முதல்நாள் சாயங்காலம் ஹாஸ்டல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பூ கட்டுவீர்களே, அது. ஒருத்தி மடியில் கனகாம்பரம், அடுத்தவள் மடியில் மல்லி, அதற்கடுத்தவள் மடியில் மரிக்கொழுந்து. முதல் பிள்ளை தன் பூவைக் கட்டி அடுத்தவளுக்குத் தள்ளுவாள். அவள் தன் பூவைச் சேர்த்து அடுத்தவளுக்கு. எந்தப் பூவுக்கு அப்புறம் எந்தப் பூ என்று யாரும் சீட்டுப் பார்த்துப் படிப்பதில்லை. உட்கார்ந்திருக்கிற வரிசைதான் சீட்டு.

ரைபோசோம் அப்படி இல்லை. அது ஓலையைப் பார்த்துப் படித்துப் படித்து, ஒரே ஆளாக எல்லாப் பூவையும் கட்டும். இந்த இன்னொரு முறையில் ஓலை இல்லை. பெரிய பெரிய என்சைம்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் பல நிலையங்கள். ஒரு நிலையம், ஒரு பூ. ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ளே டொமைன் என்று சொல்கிற தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. நாம் ஒரு பிள்ளைக்குள்ளே கண், கை, விரல் என்று பிரிப்போமே, அந்த மாதிரி.

ஏ டொமைன்தான் கண். கூடையில் எத்தனை பூ கிடந்தாலும் தன்னுடைய பூவை மட்டும் எடுக்கும். எடுத்து, ஏடிபி செலவழித்து அதைக் கட்டுவதற்குத் தோதாக்கும். அந்தக் கண்ணின் குழிக்குள் இருக்கும் சுமார் பத்து அமினோ அமிலங்களைப் படித்தாலே அது எந்தப் பூவை எடுக்கும் என்று சொல்லிவிடலாம் என்பதை ஜெர்மனியின் மார்பர்க் ஆய்வாளர்கள் 1999-ல் காட்டினார்கள். மண்ணை எடுத்து அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படித்தே, இங்கே என்ன சரம் கட்டுகிறார்கள் என்று ஊகிக்கிற அளவுக்கு இப்போது வந்துவிட்டார்கள்.

டி டொமைன் கை. நிஜமாகவே நீளமான, ஆடுகிற கை. வைட்டமின் பி5 என்று மாத்திரை அட்டையில் பார்க்கிறோமே, அந்தப் பான்டோதெனிக் அமிலம்தான் அந்தக் கையின் ஒரு பாகம். பூவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கை அடுத்த இடத்துக்கு நீளும். அங்கே சி டொமைன் முடிச்சுப் போடும். முடிச்சு விழுந்ததும், அதுவரை கட்டிய சரம் முழுக்க அடுத்த கைக்கு மாறிவிடும்.

சில நிலையங்களில் மட்டும் இ டொமைன் என்று ஒன்று கூடுதலாக உண்டு. அது பூவைத் திருப்பிவிடும். வலது செருப்பை இடது செருப்பாக்குவது போல. உயிர்களின் புரதங்களில் எல்லாம் இருப்பது ஒரே கால் செருப்புதான். அதை வெட்டுகிற கத்திரிகளும் அதற்கென்றே வந்தவை. நடுவில் ஒன்று மறுகால் செருப்பாக இருந்தால் அந்த இடத்தில் கத்திரி வழுக்கும்.

கடைசியில் டிஇ டொமைன். நூலை அறுத்து விடும், அல்லது நுனியை மடக்கி வளையமாகக் கட்டும்.

கண், கை, முடிச்சு, திருப்பல், அறுப்பு. இதைக் கேட்டதும் ஒரு கேள்வி எனக்கு வந்தது (இந்த வயசிலும் கேள்வி வருகிறது, சந்தோஷம்). ரைபோசோம் இருக்கும்போது எதற்கு இந்த வேலை? அவள் சொன்னாள்: ரைபோசோம் வழக்கமாக இருபது வகைப் பூவைத்தான் தொடும். இந்த வரிசை நூற்றுக்கணக்கான வகைகளைக் கட்டும், கொழுப்பையும் சேர்த்துக் கட்டும். அதற்கு விலையும் உண்டு. பத்துப் பூ கட்ட, ஆயிரக்கணக்கான அமினோ அமிலங்கள் உள்ள என்சைம்கள் வேண்டும். அந்த என்சைம்களைச் செய்வது யார்? ரைபோசோம்தான்! அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. நான் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொன்னேன்.

அப்படியென்றால் பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைத்துப் புதுச் சரம், புது மருந்து செய்துகொள்ளலாமே என்றேன். "அதைத்தான் ரொம்ப வருஷமா முயற்சி பண்றாங்க டீச்சர். இடம் மாத்தினா பக்கத்துல இருக்கறது ஒத்துழைக்காது, பாதியில நின்னுடும்" என்றாள். எனக்குப் புரிந்தது. ஆறாவது பி செக்‌ஷனில் இடம் மாற்றி உட்காரவைத்த அனுபவம் எனக்கு உண்டு.

சரி, கோலிஸ்டினுக்கு வருகிறேன். பத்துப் பூ, பத்து நிலையம், மூன்று பெரிய என்சைம்களில். முதலில் ஒரு கொழுப்பு வால். அதைத் தொட்டு மூன்று பூ நேராக. மிச்சம் ஏழும் வளையமாக. குஞ்சம் வைத்த மாலை போல. பத்தில் ஆறு, நம் புரதங்களில் இல்லாத ஒரு வகை அமினோ அமிலம். அதில் ஐந்து நேர்மின் சுமையோடு நிற்கும். பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எதிர்மின் சுமை. காந்தம் மாதிரி போய் ஒட்டி, சுவரைப் பிளந்துவிடும். கட்டி முடித்தது 1949-50 வாக்கில் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. கிட்னியைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். வேறு மருந்துகள் ஃபெயில் ஆக ஆக, ரிடையர் ஆன வாத்தியாரைத் திரும்பக் கூப்பிடுவது போல இதைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நம் பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியில் நியோஸ்போரின் பவுடர் டப்பா இருக்குமே, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் தூவுவேனே, அதிலுள்ள மூன்று மருந்தில் பாலிமிக்சினும் பாசிட்ராசினும் இந்தப் பூக்கட்டும் வரிசையில் வந்தவைதான். பாலிமிக்சின் கோலிஸ்டினுக்கு உடன்பிறப்பு. பாசிட்ராசின் என்ற பெயரில் ட்ரேசி என்ற ஒரு சிறுமியின் பெயர் இருக்கிறது. 1943-ல் நியூயார்க்கில் அடிபட்டு வந்த அவள் காலின் காயத்திலிருந்துதான் அதைச் செய்யும் பாக்டீரியாவை எடுத்தார்களாம். எத்தனை முட்டிக்கு அதைத் தூவியிருப்பேன், டப்பாவின் பின்பக்கத்தை ஒருநாளும் படித்ததில்லை.

இனி சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை.

2015 நவம்பரில் சீனாவில் ஒரு சமாச்சாரம் வெளியே வந்தது. கோலிஸ்டினிடமிருந்து தப்பிக்கும் வித்தை ஒன்றைப் பன்றி, இறைச்சி, நோயாளிகள் என்று மூன்று இடத்திலும் பாக்டீரியாக்களில் கண்டார்கள். சுவரிலுள்ள எதிர்மின் சுமையை மறைத்துவிட்டால் காந்தம் ஒட்டாதல்லவா, அந்த வித்தை. அது பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. பரீட்சை ஹாலில் பிட் கைமாறுவது உங்களுக்குத் தெரியாதா? அதேதான். ஒரு பாக்டீரியா எழுதிய பிட், பக்கத்து பெஞ்சில் இருக்கும் வேறு ஜாதி பாக்டீரியாவுக்கும் போய்விடும்.

அந்தப் பிட் எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது? கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்ததிலிருந்து என்றுதான் சந்தேகப்பட்டார்கள். நோய்க்கு இல்லை, எடை ஏறுவதற்கு. நம் நாட்டிலும் கலந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு, உணவுக்கு வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் எதற்கும் கோலிஸ்டின் கூடாது என்று தடை போட்டது. நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான அதே வருஷம். மாவட்டம் திறந்த அன்றைக்கு நாமெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேடிக்கை பார்த்தோம், இந்தத் தடை வந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

தம்பி, ஆத்தூர் பக்கம் நீ பண்ணை வைத்திருந்தபோது தண்ணீர்த் தொட்டியில் ஒரு பவுடர் கலப்பாய். அந்த டப்பாவை வீட்டில் அரிசி அளக்க வைத்துக்கொள் என்று நான்தான் எடுத்துவந்தேன். நேற்று மேலே பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். பாதி லேபிள் கிழிந்திருக்கிறது, கோலிஸ்டின் சல்பேட் என்ற எழுத்து மட்டும் நன்றாகத் தெரிகிறது. உன் அத்தானுக்கு வந்த கிருமி உன் பண்ணையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அவருக்கு வந்த கிருமி கோலிஸ்டினுக்கு அடங்கியதே. தீபாவளிக்கு நீ கொடுத்த கோழியை ருசித்துச் சாப்பிட்டவள்தான் நானும். ஆனால் இன்னும் பண்ணை வைத்திருக்கும் நம் ஆட்கள் இரண்டு பேர் இந்தப் பதிவைப் படிப்பார்கள். அவர்களிடம் நீ பேசினால் கேட்பார்கள், நான் பேசினால் "அக்காவுக்கு என்ன தெரியும்" என்பார்கள்.

இப்போது மலைப் பிள்ளைகளுக்கு.

நான் மலைக்கு வேலைக்கு வந்த புதிதில், நம் பள்ளியிலிருந்து டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் பஸ் பிடித்துக் கச்சிராயப்பாளையம் இறங்க வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்குக் கதை முடிந்தது. அதனால் மாதம் ஒருமுறை கீழே போகும்போது மெடிக்கலில் என் கைக்காசில் அமாக்ஸிசிலின் அட்டை வாங்கி வருவேன். சீட்டெல்லாம் யாரும் கேட்டதில்லை. பத்து மாத்திரை இருக்கும். ஜுரம், தொண்டை, காது என்று நாலு பிள்ளைகள் படுத்திருந்தால் ஆளுக்கு இரண்டு, மூன்று. நியாயமாகப் பங்கு போட்டேன் என்றுதான் நினைத்தேன். ஜுரம் இறங்கியதும் மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைப்பேன். எல்லோரும் என்னை மகராசி என்றார்கள். நானும் நம்பிக்கொண்டேன்.

அமாக்ஸிசிலினுக்கு ஆதாரமான பெனிசிலினும் அதே வரிசையில் கட்டுவதுதானாம். மூன்றே பூ, ஒரு பூஞ்சை கட்டுகிறது. மூன்றாவது பூவைத் திருப்பிப் போடுகிறது. அப்புறம் இன்னொரு என்சைம் அதை மடக்கி, கிருமியின் சுவர்வேலையை நிறுத்தும் ஆயுதமாக்குகிறது. அந்த ஆயுதத்தை இரண்டு நாள் காட்டி மூன்றாம் நாள் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பலவீனமான கிருமி செத்துப்போகும், தாக்குப்பிடிக்கத் தெரிந்தது தங்கிவிடும். நூறு பிள்ளைகளிடம் அந்தப் பரீட்சையை நான் நடத்தியிருக்கிறேன்.

உங்களில் ஒருவனுக்கு இடது காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். வரும், இரண்டு மாத்திரை கொடுப்பேன், நிற்கும். மறுபடி வரும், மறுபடி இரண்டு மாத்திரை. ஏழாவது படிக்கும்போதெல்லாம் அவனை இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டான். திமிர் என்று நினைத்து ஒருநாள் அடித்தும் இருக்கிறேன். கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போய் முழுசாக வைத்தியம் பார்த்திருக்க வேண்டும். மரவள்ளி பிடுங்குகிற நேரம் என்று அவன் அப்பா சொன்னார், அரைப் பரீட்சை என்று நான் சொன்னேன், அப்படியே போய்விட்டது. என் அரைகுறை மாத்திரையால்தான் காது போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது, வேறு யார் பெயரையும் என்னால் எழுத முடியவில்லை.

சார் ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு வந்த மறுநாள் அவன் பார்க்க வந்தான். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ். ஒரு பாட்டில் தேன், ஒரு பை கடுக்காய். வலது காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். மருந்து வாங்கும் அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதே, வாங்கினால் முழுசாகச் சாப்பிடு என்று நான் பாடத்தை ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, காது விஷயத்தைச் சொன்னேன். அடித்ததையும் சொன்னேன்.

அவன் சிரித்துவிட்டு, "அந்த மாத்திரை இனிப்பா இருக்கும் டீச்சர். அதுக்காகவே ரெண்டு தடவை காது வலிக்குதுன்னு பொய் சொன்னேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மகள் இப்போது அதே பள்ளியில் நாலாவது படிக்கிறாள். அவளுக்கும் சளி பிடித்தால் காது வலிக்கிறதாம். வரும் சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். காது டாக்டரிடம் நானே அழைத்துப் போகிறேன்.

சாருக்குப் பதினான்கு நாள் மருந்து முடிந்தது. கிரியாட்டினின் 1.1-லிருந்து 2.4 வரை ஏறி இப்போது 1.5-ல் நிற்கிறது. உப்பு குறைத்துவிட்டோம், அதற்காக என்னோடு தினமும் சண்டை. அடுத்த கல்ச்சர் வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.